வாய்க்கால் தண்ணியைத் தேடி: பரம்பிக்குளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் டைரி

ஞாயிறு ராத்திரி, உடுமலை பக்கம் எங்க தோட்டம்

பொங்கல் கூட்டம் வடிஞ்சிருச்சு. நாளைக்கு ஸ்கூல் எல்லாம் தொறக்கறாங்க, நாங்க கிளம்பறோம். வீட்லயே வெச்சு படிக்க வைக்கற எங்கள மாதிரி குடும்பங்களுக்கு இதுதான் சீசன், ரூம் கெடைக்கும், ரோடு காலியா இருக்கும், எல்லாத்துக்கும் மேல அங்கங்க வேலை பாக்கறவங்களுக்கு பசங்ககிட்ட நின்னு பேச நேரம் இருக்கும்.

இந்தப் பயணம் ஒரே ஒரு கேள்விக்காக. சின்னவனுக்கு எட்டு வயசு, வாய்க்கால்ல தண்ணி விட்ட அன்னிக்கு அவங்க அப்பாருகிட்ட, அதாவது என் மாமனார்கிட்ட, கேட்டான், இது எங்கிருந்து வருதுன்னு. திருமூர்த்தி டேம்ல இருந்து கண்ணுன்னார். டேமுக்கு? காண்டூர் கால்வாய். அதுக்கு? பரம்பிக்குளம், அது கேரளாவுல இருக்குதுன்னார். நடுவுல ஆனைமலையே இருக்கே, தண்ணி எப்படி மலை ஏறி வந்துச்சுன்னு அவன் கேட்டதும் மாமா என்னைப் பாத்தார், நான் என் வீட்டுக்காரரைப் பாத்தேன். மாமா இளவட்டமா இருந்த காலத்துல இருந்து பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) தண்ணில வெள்ளாமை பண்ணினவர், இந்தத் தண்ணி பொறக்கற எடத்தை ஒருக்காகூட பாத்ததில்லைன்னார். அப்ப நீங்களும் வாங்க மாமான்னு சொல்லிட்டோம்.

கிளம்பறதுக்கு முன்னாடி இன்னிக்கு சாயங்காலம் வாய்க்கால்ல அளவு எடுத்தோம். கரை ஓரமா 30 அடிக்கு ரெண்டு குச்சி நட்டு, மேல் குச்சிகிட்ட ஒரு தென்னங்குரும்பையைப் போட்டு, கீழ் குச்சியைத் தாண்ட எவ்வளவு நேரம்னு போன்ல பாத்தாங்க. 15 செகண்ட், அப்ப செகண்டுக்கு 2 அடி. மேல்தண்ணி வேகமா ஓடும், அடித்தண்ணி தரையை ஒரசிட்டு மெதுவா ஓடும், அதனால அதை 0.85 ஆல பெருக்கிக்கணும், 1.7 வருது. அகலம் 3 அடி, ஆழம் ஒன்றரை அடி. பெரியவ (12 வயசு) பெருக்கிப் பாத்து ஏழரை கன அடிக்குக் கொஞ்சம் மேலன்னா. ஒரு கன அடின்னா 28.3 லிட்டர், அப்ப செகண்டுக்கு 200 லிட்டருக்கு மேல. பேப்பர்ல தினம் வர்ற டிஎம்சின்னா 100 கோடி கன அடி. எங்க வாய்க்கால் ராத்திரி பகலா நிக்காம இப்படியே ஓடுனா ஒரு டிஎம்சி சேர நாலு வருசத்துக்கு மேல ஆகும்னு அவளே கண்டுபுடிச்சு அவங்கப்பாவைக் கூப்ட்டு காட்டுனா. நான் தசமப் பெருக்கல்னு தனியா ஒரு பாடமே எடுக்கல. அவளுக்கு விடை வேணும்ங்கற வெறி இருந்துச்சு, அது போதும்.

திங்கள், திருமூர்த்தி டேம்

இன்னிக்கு தூரம் கம்மி, வேலை ஜாஸ்தி. காண்டூர் கால்வாய் சர்க்கார்பதி பவர் ஹவுஸ்ல இருந்து கிட்டத்தட்ட 49 கிலோமீட்டர் மலைச்சரிவுலயே வளைஞ்சு வளைஞ்சு வந்து இந்த டேம்ல விழுது. கால்வாய்கிட்ட பசங்களைக் கூட்டிட்டுப் போறது சரியில்லை, இழுப்பு பயங்கரமா இருக்கும், தூரத்துல இருந்து பாத்ததோட சரி.

ஆனா அது ஏன் நேரா வராம அப்படி வளையுதுங்கறதை கையால செஞ்சு பாக்க முடியும். கொத்தனாருங்க வெச்சிருப்பாங்களே லெவல் டியூப், தண்ணி ஊத்துன நீளமான, கண்ணாடி மாதிரி உள்ள தெரியற, வளையற குழாய், அதை எடுத்துட்டு வந்திருந்தோம். ரெண்டு முனைலயும் தண்ணி எப்பவும் ஒரே மட்டத்துல நிக்கும். கோயில் தாண்டி ஒரு சின்ன சரிவுல பெரியவ ஒரு முனையைப் புடிச்சா, சின்னவன் இன்னொரு முனையோட மேலயும் கீழயும் நகந்து நகந்து மட்டம் சேர்ற எடத்துல நின்னான், அங்க மாமா ஒரு கல்லை வெச்சார். அப்பறம் அந்தக் கல்லுல இருந்து அடுத்த கல்லு. ஒரு மணி நேரம் கழிச்சு மேல ஏறி நின்னு பாத்தா கல்லு வரிசை ஓடைக்கு உள்ள போய், மேட்டைச் சுத்தி, வளைஞ்சு வளைஞ்சு போகுது. "காண்டூர் வாய்க்கா மாதிரியே இருக்குதுங்" அப்படின்னார் மாமா. கல்லு ஒவ்வொண்ணையும் ஒரு நூலளவு எறக்கி வெச்சா தண்ணி தானா ஓடும். அம்புட்டு நீளத்துக்கு அந்த நூலளவு தப்பாம மலைல வெட்டியிருக்காங்க, அதுவும் 1960கள்ல. இதை நெனைச்சா எனக்கு இன்னிக்கும் மெய் சிலிர்க்குது.

செவ்வாய், டாப்ஸ்லிப்

சேத்துமடை செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் சோதனை பண்றாங்க, நல்ல விசயம், எவர்சில்வர் பாட்டில்தான் கொண்டு போயிருந்தோம். அங்க இருந்தவர் பசங்களைப் பாத்து ஸ்கூல் இல்லையா பாப்பான்னு கேட்டார். எல்லா எடத்துலயும் கேக்கறாங்க, அவங்க அக்கறைலதான் கேக்கறாங்க. பெரியவ, நாங்க வீட்ல படிக்கறமுங்க, 14 வயசு முடிஞ்சா என்ஐஓஎஸ்ல (தேசிய திறந்தநிலைப் பள்ளி) பத்தாவது எழுதலாமுங்கன்னு சொன்னா. அவர் விடல, அப்ப இன்னிக்கு என்ன பாடம்னார். தண்ணிங்கன்னான் சின்னவன். அவர் சிரிச்சுட்டு, தண்ணின்னா நீ தூணக்கடவுல போய் நல்லா பாருன்னு சொல்லி அனுப்பினார்.

மேல ஏறுனதும் குளிர். ஒரு காலத்துல வெட்டுன மரத்தை இந்த உச்சில இருந்து சரிவுல உருட்டி விடுவாங்களாம். பிரிட்டிஷ்காரங்க கப்பல் கட்டவும் ரயில் பாதை போடவும் இங்கத்த தேக்கை வெட்டி வெட்டி மொட்டையாக்கிட்டாங்க, அதுக்கப்பறம் ஹியூகோ வுட்னு ஒரு வன அதிகாரி வந்தார். அடியோட வெட்டாம கட்டையை விட்டு வெட்டுனா அதுல இருந்து மறுபடி துளுக்கும்னு அந்த முறையைக் கொண்டு வந்ததோட, நடக்கறப்ப எல்லாம் கைத்தடியால குழி குத்தி தேக்கு விதை போட்டுட்டே போவாருன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. 1933ல இறந்துட்டார், கல்லறை இங்கயேதான், அவர் வளத்த மரத்துக்கு நடுவுல. கல்வெட்டுல லத்தீன்ல எழுதியிருக்கு, என் நினைவுச் சின்னத்தைப் பாக்கணும்னா உன்னைச் சுத்திப் பாருன்னு அர்த்தம். பெரியவ நிஜமாவே ஒரு முழு சுத்து சுத்திப் பாத்தா. மாமா செருப்பைக் கழட்டி வெச்சுட்டுப் போய்க் கும்புட்டார்.

கோழிகமுத்தி முகாம்ல யானைக்கு சோத்து உருண்டை குடுக்கறதைப் பாத்தோம், பசங்களுக்கு கலீமைப் பத்தி ஏற்கனவே தெரியும், ரிட்டயர் ஆன கும்கி யானைங்கறதால தனி மரியாதை. அதைப் பத்தி எல்லாரும் எழுதறாங்க, நான் விட்டுடறேன்.

புதன், பரம்பிக்குளம்

காலைல ஆனைப்பாடி செக்போஸ்ட். இது கேரளா. ஆனா கேரளாவுல இருந்து வர்றவங்களும் வண்டில வரணும்னா தமிழ்நாட்டுக்குள்ள வந்து, பொள்ளாச்சி, சேத்துமடை வழியா சுத்திதான் இங்க வரணும், வெளியாளுங்களுக்கு வேற ரோடு கெடையாது. இங்க இருந்து கேரளா வனத்துறை வேன், கூட ஒரு கைடு அண்ணன். மலசர் சமுதாயத்துக்காரர், தமிழ்தான் பேசினார், இங்க காடர், மலசர், மலைமலசர், முதுவர்னு நாலு மக்கள் இருக்கோமுங்கன்னார். மாமாவை ஐயான்னு கூப்ட்டு முன் சீட்டுல உக்கார வெச்சார்.

புள்ளிமான், காட்டுமாடு, மலையணில், மயில், இதெல்லாம் வந்துட்டே இருக்கு. ஆனா எங்க வேன்ல எல்லாரும் புலி புலின்னு இருந்தப்ப எங்க சின்னவன் மட்டும் "டேம் எப்ப வரும்"னு கேட்டுட்டே வந்தான்.

தூணக்கடவு டேம் வந்துச்சு. சின்ன டேம்தான், பக்கத்துல பெருவாரிப்பள்ளம், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சது. டேம்ல தமிழ்நாடு நீர்வளத்துறை. பெரியவ குழம்பிட்டா. காடு கேரளா, வேன் கேரளா, டேம்ல வேலை பாக்கறவங்க தமிழ்நாடா? ஆமாங்க, மண்ணு கேரளாவோடது, அணையைப் பராமரிக்கறது தமிழ்நாடு. 1958ல ரெண்டு மாநிலமும் பேசி முடிச்சது, அப்ப நம்ம பக்கம் முதலமைச்சர் காமராஜர், கேரளாவுல இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு. வேலை நடக்க நடக்கத்தான் காகிதமே முழுசாச்சு, ஒப்பந்தம் முறையா கையெழுத்தானது 1970ல, 1958 நவம்பர் 9 முதல் செல்லும்னு போட்டு. மொழிவாரியா மாநிலம் பிரிஞ்சு ரெண்டு வருசம்தான் ஆகியிருந்துச்சு, அப்பவே இப்படி ஒரு வேலையை சேந்து பண்ணியிருக்காங்க.

அங்க இருந்த ஊழியர் ஒருத்தர்கிட்ட சின்னவன் நேராப் போய்க் கேட்டுட்டான், தண்ணி எப்படிங்க மலை ஏறுதுன்னு. அவர் வேலையை நிறுத்திட்டு தரைல ஒரு குச்சியால படம் போட்டார். அந்தப் பத்து நிமிசத்துக்காகத்தான் நாங்க இவ்வளவு தூரம் வந்தோம். தண்ணி ஏறவே இல்லை. பரம்பிக்குளம் டேம் மட்டம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,800 அடி, நம்ம திருமூர்த்தி 1,300 சொச்சம். அது மொட்டை மாடி டேங்க், நம்மது கீழ இருக்கற குழாய், நடுவுல இருக்கற மலைதான் சுவரு. சுவத்துல ஓட்டை போட்ட மாதிரி மலையைக் குடைஞ்சிருக்காங்க. பரம்பிக்குளத்துல இருந்து தூணக்கடவுக்கு ஒரு சுரங்கம், தூணக்கடவுல இருந்து சர்க்கார்பதிக்கு இன்னொரு சுரங்கம். மலைக்கு அந்தப்பக்கம் எறங்கற வேகத்துல 30 மெகாவாட் கரண்டு எடுத்துட்டு, அப்பறம் காண்டூர்ல விடறாங்க. எங்கயும் ஒரு மோட்டார் கெடையாது. பம்ப் செட்டே இல்லையாங்கன்னு மாமா திருப்பித் திருப்பிக் கேட்டார், இல்லீங்க ஐயா, எல்லாம் சரிவுதான்னார் அவர். சின்னவன் உடனே, அப்ப நம்ம லெவல் டியூப்தானே இதுன்னான். அந்த ஊழியர் அவன் தலையைத் தடவி, பெரிய சைஸ் லெவல் டியூப் கண்ணுன்னார்.

அப்பறம் கன்னிமாரா தேக்கு. சுமார் 450 வருசத்து மரம்னு சொல்றாங்க, சுத்தளவு 7 மீட்டர் கிட்ட. நாங்க குடும்பமா கை கோத்தும் பத்தல, கைடு அண்ணனும் சேந்துக்கிட்டார். ஒரு தடவை வெட்டப் போனப்ப ரத்தம் பீறிட்டு வந்துச்சு, அதுல இருந்து கும்புடறோம்னு அவர் சொன்னதை பசங்க நோட்டுல அப்படியே எழுதிக்கிட்டாங்க.

டிராம் கதையும் அவர் சொன்னதுதான். 1907ல கொச்சி ராஜ்யம் இந்தக் காட்டுல இருந்து சாலக்குடி வரைக்கும் 80 கிலோமீட்டர் கிட்ட ரயில் பாதை போட்டு மரம் கொண்டு போச்சு, 1963 வரைக்கும் இருந்துச்சு. செங்குத்தான எடத்துல எஞ்சின் இல்லை. பாரம் ஏத்துன பெட்டி கீழ எறங்கும், அந்த எடையே வடத்தை இழுத்து வெத்துப் பெட்டியை மேல ஏத்தும். சின்னவன் மத்தியானம் ரெண்டு டப்பாவும் ஒரு கயிறும் வெச்சு கெஸ்ட் ஹவுஸ் படிக்கட்டுல இதையே செஞ்சு பாத்தான். கல்லைக் கூட்டி, கொறைச்சு, எவ்வளவு எடைல நகருதுன்னு. அவனுக்கு எழுதறது பிடிக்காது, நான் அதுக்கு இன்னும் அவசரப்படுத்தல, ஆனா இன்னிக்கு எந்த டப்பால எத்தனை கல்லுன்னு தானா எழுதி வெச்சிருக்கான்.

சாயங்காலம் பெரிய டேம். 72 அடி, 17.82 டிஎம்சி. எங்க வாய்க்கால் கணக்குல இது எத்தனை வருசம்னு பெரியவ போட்டுப் பாத்தா, 70 வருசத்துக்கு மேல வந்துச்சு, அப்பறம் கொஞ்ச நேரம் பேசாம தண்ணியைப் பாத்துட்டு இருந்தா. 2022 செப்டம்பர்ல ஒரு ராத்திரி இங்க மூணு ஷட்டர்ல ஒண்ணு உடைஞ்சு தண்ணி கட்டுக்கடங்காம போனது ஞாபகம் இருக்கும். எங்க போச்சு? பெரிங்கல்குத்து, சாலக்குடி ஆறு, அதிரப்பள்ளி, அரபிக்கடல். பரம்பிக்குளம் ஆத்தோட இயல்பான வழி அதுதான், மேக்க பாத்து. அங்க போக வேண்டிய தண்ணியைத்தான் குடைஞ்சு கிழக்க திருப்பி நம்ம தோட்டத்துக்கு விட்டிருக்காங்க. மாமாவுக்கு இது புதுசு. "அப்ப இது நம்மளுக்கு வந்த தண்ணி இல்ல, நம்ம கூட்டியாந்த தண்ணி" அப்படின்னார்.

வியாழன், மணக்கடவு, கொழிஞ்சாம்பாறை

சர்க்கார்பதி பவர் ஹவுஸ் உள்ள விடமாட்டாங்க, அதனால நேரா கீழ எறங்கிட்டோம். ஆழியாறு ஆனைமலை, அம்பராம்பாளையம் தாண்டி மணக்கடவுல வந்து கேரளாவுக்குள்ள போகுது. ஒப்பந்தப்படி கேரளாவுக்குக் குடுக்க வேண்டிய 7.25 டிஎம்சியை இங்கதான் அளக்கறாங்க, ஜூலை 1ல இருந்து அடுத்த ஜூன் 30 வரைக்கும் ஒரு தண்ணி வருசம். லிட்டர்ல சொன்னா 20,500 கோடி. தடுப்பணைதான், பாக்க பெருசா ஒண்ணும் இல்லை, ஆனா பசங்க இங்கதான் ரொம்ப நேரம் நின்னாங்க. ஞாயித்துக்கிழமை குரும்பை போட்டு அளந்ததை இங்க கவர்மெண்டு பண்ணுதுன்னு பெரியவளுக்கு அவ்வளவு சந்தோசம்.

கொழிஞ்சாம்பாறைல எங்க தெரிஞ்சவங்க வீடு. பாலக்காடு ஜில்லாவோட கிழக்கு ஓரம், சித்தூர் தாலுகா, பாதிக்கு மேல கேக்கறது தமிழ்தான். தமிழ் மீடியம் ஸ்கூல் இருக்கு, கடை போர்டுல தமிழும் மலையாளமும். கேரளான்னா பச்சைப்பசேல்னு நெனைச்சுட்டு வந்தா இங்க கரிசல் மண்ணும் பனைமரமும் இருக்கும். மழை மறைவுப் பகுதி, பொள்ளாச்சி கிழக்கு மாதிரியேதான். காத்துதான் ஆளையே தள்ளுது. இந்த மாசத்துல கிழக்க இருந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள புகுந்து மேக்க வீசுது, ஆனி ஆடில அப்படியே திரும்பி மேக்க இருந்து வந்து நம்ம உடுமலைல கரண்டு எடுக்கற காத்தாடியைச் சுத்தும்.

தென்னந்தோப்புல கள்ளு எறக்கறதை மாமா அவ்வளவு ஆர்வமா பாத்தார், பாளையைத் தட்டறது, சீவறது, பானை கட்டறது. நம்ம பக்கம் தடை வந்ததுல இருந்து அவர் பாக்காத தொழில். கேரளாவோட பல ஜில்லாவுக்கு இந்த சித்தூர்ல இருந்துதான் கள்ளு போகுது. பசங்க மரத்துக்காரர்கிட்ட ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவீங்கன்னு ஆரம்பிச்சு முட்டி வலிக்காதாங்கன்னு வரைக்கும் கேட்டாங்க.

ராத்திரி திண்ணைல அந்த வீட்டு அண்ணனும் மாமாவும் பேசுனதை நான் முழுசா எழுதி வெச்சுக்கணும்னு நெனைக்கறேன். அண்ணன் நெல்லு போடறவர், அவர் வயல் மூலத்தரை வாய்க்காலோட கடைமடை. "நீங்க தமிழ்நாட்டுல மேலயே தண்ணியைப் புடிச்சுக்கறீங்க அண்ணா, எங்களுக்கு கதிர் வர்ற நேரத்துல வர மாட்டேங்குது"ன்னார். மாமா, நாங்களும் கடைமடைதான் தம்பி, பிஏபில நாலு மண்டலம், ரெண்டு வருசத்துக்கு ஒருக்காதான் எங்க மண்டலத்துக்கு முறை வரும், அதுலயும் மேல இருக்கறவன் மோட்டார் வெச்சு உறிஞ்சிட்டா எங்களுக்கு மடைல ஈரம்தான் வரும்னார். அண்ணனுக்கு அது தெரியாது. கேரளாவுக்குத் தண்ணி போகுதுன்னு வருசக்கணக்கா கோவப்பட்ட மாமாவுக்கு இவர் கதை தெரியாது. அப்பறம் ரெண்டு பேரும் என்ன ரகம், என்ன உரம், தேங்காய் என்ன வெலைன்னு பத்தரை மணி வரைக்கும் பேசுனாங்க. ஒப்பந்தத்தை 30 வருசத்துக்கு ஒருக்கா திருப்பிப் பாக்கணும்னு இருக்கு, 1988லயே அந்த நேரம் வந்துருச்சு, பேச்சு இன்னும் முடியல. பெரியவ நடுவுல உக்காந்து, நீங்க ரெண்டு பேரும் அந்த மீட்டிங்குக்குப் போலாமேன்னா. நானும் அதையேதான் நெனைச்சேன்.

வெள்ளி, மூலத்தரை, சித்தூர்

காலைல புட்டு, கடலை, கட்டன் சாயா. அண்ணனே கூட வந்து மூலத்தரை ரெகுலேட்டரைக் காட்டுனார், இங்க இருந்து இடது, வலது ரெண்டு வாய்க்கால் பிரியுது. மீதி ஆத்துல போகுது. மணக்கடவுல பாத்த அதே ஆத்துக்கு சித்தூர்ல சோகநாசினின்னு பேரு, கரைல தெக்கேகிராமத்துல எழுத்தச்சன் குருமடம் இருக்கு, மலையாளத்துல ராமாயணம் பாடுனவர் கடைசிக் காலத்துல இருந்த எடம். பெரியவ அங்க இருந்த மலையாள எழுத்தை ஒவ்வொண்ணா தமிழ் எழுத்தோட ஒப்பிட்டு எழுதிட்டு வந்தா, பஸ் போர்டை இனி அவளே படிக்கறாளாம். பறளி வரைக்கும் போய் இந்த ஆறு பாரதப்புழா ஆகறதைப் பாக்கணும்னு சின்னவனுக்கு ஆசை, ஆனா மாமாவுக்கு கால் வீங்கியிருக்கு, அதனால இன்னிக்கு இதோட நிறுத்திக்கறோம்.

மெசேஜ்ல நெறைய பேர் கேட்டிருந்தீங்க, பசங்களைக் கூட்டிட்டுப் போனா அவங்களே கத்துக்குவாங்களான்னு. வண்டில ஏத்துனா மட்டும் கத்துக்க மாட்டாங்க, என் அனுபவத்துல ஒரு பயணத்துக்கு ஒரு கேள்வி, அதுவும் அவங்க கேட்டதா இருக்கணும், அதுக்குப் பதில் தெரிஞ்சவங்க யாருன்னு தேடிப் போகணும். இடம் பாக்கற லிஸ்டை நான் போடறதே இல்லை.

போறவங்களுக்கு: பரம்பிக்குளத்துக்கு ரூமும் சபாரியும் முன்னாடியே புக் பண்ணிக்கோங்க. கோடைல காட்டுத்தீ பயத்துக்கு சில சமயம் மூடிடுவாங்க, அதனால கேட்டுட்டுக் கிளம்புங்க. போன் சிக்னலை நம்பாதீங்க. சின்னப் பசங்க இருந்தா மலைப்பாதைக்கு வாந்தி மாத்திரை, எலுமிச்சம்பழம். குழந்தைங்களை எந்தக் கால்வாய்லயும் எறங்க விடாதீங்க, அளவு எடுக்கணும்னா தோட்டத்து சின்ன வாய்க்கால் போதும், பெரியவங்க ஒருத்தர் கரைலயே நிக்கணும். கைடுங்க சொல்ற கதையை அவசரப்படாம கேளுங்க, முடிஞ்சா சாயந்தரம் அவங்க சங்கத்துக் கடைல தேன் வாங்குங்க.

லெவல் டியூப் ஹார்டுவேர் கடைல மீட்டர் கணக்குல கெடைக்கும், பத்து மீட்டர் வாங்குனா தாராளம். உள்ள காத்துக் குமிழி இல்லாம தண்ணி ஊத்தணும், அது ஒண்ணுதான் பக்குவம்.